கண் உயர்த்தாத மாப்பிள்ளை

என் தங்கச்சிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை பெண்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பது நிந்தவூரில் எங்கள் குறிச்சி முழுவதும் பேச்சாக இருந்தது. அவருக்குச் சொந்த ஊர் மருதமுனை. கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் வேலை. அங்கே சேலை வாங்கப் போகிற பெண்கள் வீட்டுக்கு வந்து சொல்வார்கள். துணியை விரிப்பாராம், விலையைச் சொல்வாராம், கண் மட்டும் மேசைப் பலகையை விட்டு எழும்பாதாம். உம்மாவின் காதில் அது விழுந்ததோடு சம்பந்தம் பாதி முடிந்த மாதிரித்தான். பார்வையைத் தாழ்த்திக்கொள்வது மார்க்கம் சொன்ன காரியம் என்று சின்ன வயதிலிருந்து ஓதிக் கேட்டு வளர்ந்த ஊர். நாள் முழுக்கப் பெண்கள் வந்து போகிற கடையில் நின்றுகொண்டு அப்படி நடக்கிற ஒருவரை விட்டுவிடுவார்களா?

வாப்பா பேசப் போய் வந்த அன்று இன்னும் ஒரு படி மேலே போனார். தன் முகத்தைக்கூட அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, பெரியவர்களுக்கு முன்னால் அப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவேன். அது கொழும்புப் பழக்கம் என்பது அவருடைய எண்ணம்.

நான் அப்போது கொழும்பில் மருத்துவம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். வாப்பா வயற்காரர், கைநாட்டு. விடுமுறையில் வீட்டுக்கு வந்தால், அக்கம்பக்கத்தில் யாருக்காவது வயிறு வலித்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். தவளையையும் இறந்தவர்களின் உடலையும் தவிர வேறு எதையும் நான் இன்னும் தொடவில்லை என்று சொன்னால் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த நம்பிக்கையைக் கண்டு எனக்கு எப்போதும் பயம்தான்.

அந்த வருடம் விடுமுறை நோன்பு மாதத்தில் வந்தது. கல்யாணம் பெருநாளுக்கு அடுத்த கிழமை என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு நோன்பு திறக்கப் பலகாரம் அனுப்புவது பெண் வீட்டு வழக்கம். அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கமாகக் கல்முனைக்குப் போய்க் கொடுப்பது என் வேலையாயிற்று. அவருக்கு என்னைவிட நாலைந்து வயது அதிகம் இருக்கும். மெலிந்த ஆள். தங்கச்சி தன் அண்ணனான என்னைக் காக்கா என்பாள், அவர் முதல் நாளே மச்சான் என்று கூப்பிட்டார். கடை முதலாளி பள்ளிவாசலுக்குப் போன பிறகு நாங்கள் இருவரும் பின்னறையில் பாயை விரித்து, கஞ்சியும் பலகாரமும் வைத்துக்கொண்டு பாங்கு சொல்லும்வரை கதைத்துக்கொண்டிருப்போம். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நான் செய்ததெல்லாம் அவரைப் பிடிக்காதவன் செய்த மாதிரித் தெரியும்.

ஒருநாள் மாலை நான் போனபோது ஒரு கிழவர் மேல் தட்டிலிருந்த, இடுப்பில் உடுக்கிற சாரனைக் காட்டச் சொன்னார். மாப்பிள்ளை இரண்டு அடி பின்னால் போனார். பிறகு தலையையும் கழுத்தையும் ஒன்றாகப் பின்னுக்குச் சாய்த்தார், தண்ணீர் குடிக்கிற கோழி அண்ணாந்து விழுங்குமே, அந்த மாதிரி. நாங்கள் மேலே பார்க்க வேண்டுமென்றால் முதலில் கண் போகும், பிறகுதான் தலை போகும். அவருக்குக் கண் போகவே இல்லை. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டு, மேலே நீலக்கரை போட்டது இருக்கிறதா பாருங்கள் மச்சான் என்று என்னிடம் கேட்டார்.

அன்றைக்குச் சைக்கிளில் திரும்பி வரும்போது, சாய்ந்தமருதைத் தாண்டியதும், அந்தச் சிரிப்பு எனக்குள் நின்றுபோயிற்று.

அந்தத் தவணையில்தான் எங்களுக்கு மூளையைப் பற்றிப் பாடம் நடந்திருந்தது. கண்ணை இடமும் வலமுமாகத் திருப்புகிற நரம்பு வழி மூளைத்தண்டில் கீழே ஓரிடத்தில் கூடுகிறது. மேலும் கீழுமாக அசைக்கிற வழி அதற்கு மேலே, நடுமூளையில், முற்றிலும் வேறோரிடத்தில் இருக்கிறது. அதனால் அந்த ஓரிடத்தில் மட்டும் ஏதாவது அமுக்கினால், பக்கப்பார்வைக்கு ஒரு குறையும் வராமல், மேலே பார்க்கிற சக்தி மட்டும் போய்விடலாம். இதைச் சொன்ன பேராசிரியர், அந்த இடத்தை அமுக்கக்கூடியது பெரும்பாலும் என்ன என்பதையும் சொன்னார். ஒரு கட்டி. வாலிப வயது ஆண்களுக்குத்தான் அது அதிகம் வரும் என்றும் சொன்னார். என் கொப்பியில் இது ஒற்றை வரியாகத்தான் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னதால் அடிக்கோடுகூடப் போடவில்லை.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை, கவனித்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஒரு மாப்பிள்ளையை அப்படிக் கவனிப்பது எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர் பெற்றோமக்ஸ் விளக்கைக் கொளுத்தி முகத்துக்கு நேரே தூக்கும்போது என் கண் கூசியது. அவருடைய கண்மணிகள் பெரிதாக, கறுப்பாக, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் அப்படியே நின்றன. வெள்ளாப்பில், விடிகிற நேரத்தில், தலையிடி வருகிறது, நோன்புத் தலையிடி என்று அவரே ஒருநாள் சொன்னார். நோன்புத் தலையிடி பின்னேரத்தில் அல்லவா வரும் என்று கேட்டேன். விடியுமுன் சஹர் சாப்பிட்டதும் சில நாட்களில் வாந்தியும் வருகிறதாம். அதற்கு அவர் செய்த காரியம், மருதமுனைப் பள்ளிவாசல் லெப்பையிடம் போய், தானாக வந்த வாந்தியால் நோன்பு முறியுமா என்று கேட்டது. முறியாது என்று லெப்பை சொல்லிவிட்டார். அதோடு அவருக்கு மனம் ஆறிவிட்டது. எனக்கு அன்றிலிருந்து நித்திரை போயிற்று.

வாப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். நோன்பு திறந்துவிட்டுச் சுருட்டைப் பற்ற வைத்திருந்தார். நல்ல நேரம் என்று நினைத்தேன். மாப்பிள்ளைக்குக் கண்ணை உயர்த்த முடியவில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது, ஒரு டாக்டரிடம் காட்டினால் நல்லது என்று இழுத்து இழுத்துச் சொன்னேன். வாப்பா சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். சத்தம் போடவில்லை.

"நீ கொழும்புக்குப் போய்ப் படிச்சது, நல்ல மனிசன்ட நல்ல குணத்துக்கெல்லாம் நோய்ப் பேர் வைக்கிறதுக்கா மனே?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. என்னிடம் இருந்தது கொப்பியில் ஒரு வரி. இது வெளியே போனால் மருதமுனையில் என்ன பேசுவார்கள்? பெண் வீட்டில் படித்த பிள்ளை மாப்பிள்ளைக்குக் குறை சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திவிட்டான் என்பார்கள். என் சந்தேகம் பிழையாக இருந்தால் அவருடைய பேரும் கெடும், தங்கச்சியின் பேரும் கெடும். சரியாக இருந்தாலோ, நான் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நாளும் அவருடைய தலைக்குள் அது வளரும். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் எனக்கு முள்ளாகத்தான் இருந்தது.

பெருநாளுக்கு முன்னால் ஊரில் எல்லோரும் முடி வெட்டிக்கொள்வார்கள். முடி வெட்டுகிறவரை எங்கள் பக்கத்தில் ஒஸ்தா என்று கூப்பிடுவோம். கல்முனையில் ஒரு ஒஸ்தாவின் கடைக்கு மாப்பிள்ளை போனபோது நானும் கூடப் போனேன். கூட்டம் நெருக்கியது. அவர் கதிரையில், நான் அவருக்குப் பின்னால் வாங்குப் பலகையில். சுவரில் தொங்கிய கண்ணாடி வழியாக நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தோம். பிடரியை வழிக்க வேண்டும், தலையைக் குனியுங்கள் என்றார் ஒஸ்தா. காத்திருந்த ஒருவர், அவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா, ஊரிலேயே குனிந்த தலை அவருடையதுதானே என்றார். வாங்கிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஒஸ்தா அவருடைய பிடரியில் கைவைத்துத் தலையை நெஞ்சோடு படும்வரை அமுக்கினார்.

கண்ணாடியில் நான் கண்டதை இப்போதும் காண முடிகிறது. தலை கீழே போகப் போக அவருடைய கண்கள் மேலே வந்தன. நாடி நெஞ்சில் முட்டியபோது, கறுப்பு மேல் இமைக்குள் பாதி மறைந்து, அடியில் வெள்ளை தெரிந்தது. கண்ணாடி வழியாக அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே போகாது என்று நான் நினைத்த அதே கண்கள், மேலே, முழுசாக.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? வாப்பா சரி, நான் பிழை. கண் போகிறது. அவர் உண்மையாகவே பெண்களைப் பார்க்காத மனிதர். நான் அரைகுறை. அரைகுறையாக இருப்பதில் அவ்வளவு நிம்மதி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்று நோன்பு திறந்த பிறகு நன்றாகச் சாப்பிட்டு நன்றாக நித்திரை கொண்டேன்.

மறுநாள் காலையில் ஆட்டுக்குக் குழை போட்டேன். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கென்று தங்கச்சி வளர்த்த ஆடு. ஆட்டின் கண்மணி எங்களுடையதைப் போல வட்டம் இல்லை. படுக்கைவாட்டில் கிழித்த கோடு மாதிரி இருக்கும். அது தலையை நிமிர்த்திக் குழையைக் கடித்தபோது அந்தக் கோடு நிலத்துக்கு மட்டமாக இருந்தது. பிறகு விழுந்த இலையைப் பொறுக்க மூக்கை நிலத்தோடு வைத்தது. தலை அவ்வளவு குனிந்தால் அந்தக் கோடு செங்குத்தாக நிற்க வேண்டுமல்லவா? நிற்கவில்லை. மட்டமாகவே இருந்தது. தலை திரும்பிய அளவுக்குக் கண் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

குழையைப் போட்டுவிட்டு நான் அங்கேயே குந்திவிட்டேன்.

கொழும்பில் எங்களுக்கு ஒரு முயலைக் காட்டியிருந்தார்கள். மூளையின் மேற்பாகம் எடுக்கப்பட்ட முயல். பார்க்க வேண்டும் என்ற எண்ணமே அதற்கு இருக்க முடியாது. அதைப் பக்கவாட்டில் சரித்ததும் ஒரு கண் மேலேயும் மறு கண் கீழேயும் நகர்ந்து, சரிவை ஈடுசெய்தது. காதுக்குள் உடம்பின் சமநிலையை அறிகிற உறுப்பு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து கண்ணை இழுக்கிற நரம்புகளுக்கு நேரே ஒரு வழி போகிறது. தலை எந்தப் பக்கம் சாய்ந்தாலும், பார்வை கலங்காமல் இருக்க, கண்ணை எதிர்ப்பக்கம் தள்ளுவது அதன் வேலை. மேலே இருக்கிற மூளையை அது ஒன்றும் கேட்பதில்லை. ஆட்டுக்குக் கண் பக்கத்தில் இருப்பதால் அது சக்கரம் மாதிரிச் சுழல்கிறது. எங்களுக்குக் கண் முன்னால் இருப்பதால், தலை குனியும்போது அதுவே மேலே ஏறுகிறது.

நேற்று மாப்பிள்ளை கண்ணை உயர்த்தவில்லை. ஒஸ்தா தலையை அமுக்கினார், காது கண்ணை உயர்த்தியது. அவ்வளவுதான். கண்ணின் தசை நல்லது, அதை இழுக்கிற நரம்பும் நல்லது, காதிலிருந்து வருகிற வழியும் நல்லது. அப்படியிருந்தும் மேலே பார்க்க நினைக்கும்போது மட்டும் கண் போகாது என்றால், அந்த நினைப்பு இறங்கி வருகிற வழிதான் கெட்டிருக்கிறது. அது நடுமூளையில் இருக்கிறது. நான் நிம்மதி என்று எடுத்துக்கொண்டது, உண்மையில் இடத்தைக் குறித்துக் காட்டிய அடையாளம். ஓர் இரவு முழுக்க அதன்மேல் தலைவைத்து நித்திரை கொண்டிருக்கிறேன்.

அன்று பலகாரம் கட்டி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. உம்மா பின்னால் நின்று கூப்பிடக் கூப்பிடச் சைக்கிளை எடுத்தேன்.

கடையின் பின்னறையில் அவரை இருத்தி, ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பென்சிலை நீட்டினேன். தலை அசையாமல் கண்ணால் மட்டும் பாருங்கள் என்றேன். இடமும் வலமும் போயிற்று. கீழேயும் போயிற்று. மேலே கொண்டுபோனேன். கண்கள் நடுவில் வந்து நின்றன. பென்சில் போய்விட்டது, கண் வரவில்லை. உள்ளே யாரோ இழுப்பது மாதிரி இரண்டும் துடித்தன. பென்சிலைக் கீழே வைத்தேன்.

நான் எதுவும் சொல்வதற்கு முன் அவரே சொன்னார்.

"எனக்குத் தெரியும் மச்சான். முதல்ல மேல் தட்டுப் போச்சி. பொறகு தென்ன மரம் போச்சி. நோன்புப் பிறைய நான் காணல்ல. எல்லாரும் கைய நீட்டிக் காட்டினாங்க, நான் கழுத்தச் சாச்சித் தேடுறதுக்குள்ள அது போயிட்டு. கண்டன் எண்டு சொல்லிட்டன்."

ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பொம்புளையளப் பாக்காதவன் எண்டு ஊர் பேர் வெச்சிட்டு. பாக்க ஏலாதவன் எண்டு நான் எந்த வாயால சொல்ற?"

அவர் பொய் சொல்லவில்லை. ஊர் தன்பாட்டில் ஒன்றைச் சொல்லிற்று, அவர் அதை மறுக்கவில்லை. அந்தப் புகழுக்குள் அவருக்குக் குனிந்துகொண்டிருக்க இடம் கிடைத்தது. பெண் கிடைத்ததும் அதனால்தான். இப்போது நான் வந்து அந்த இடத்தை இழுக்கிறேன். கல்யாணம் முடியட்டும், பிறகு நீங்கள் சொல்கிற இடத்துக்கெல்லாம் வருகிறேன் என்றார். கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"முடியட்டும் எண்டு நீங்க சொல்றீங்க மச்சான். தலைக்குள்ள இரிக்கிறது அதக் கேக்குமா?"

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். கட்டி என்ற சொல்லை அப்போதுதான் முதல்முதலாக அவரிடம் சொன்னேன். அது நான் நினைக்கிற இடத்தில் இருந்தால், மூளைக்குள் நீர் ஓடுகிற ஒடுக்கமான வழியையும் அமுக்கும். நீர் தேங்கும். வெள்ளாப்புத் தலையிடியும் வாந்தியும் அதனால்தான். இப்படியே விட்டால் முதலில் பார்வை போகும், பிறகு ஆளே போகலாம். நான் பிழையாக இருக்கலாம், அப்படியென்றால் ஊரெல்லாம் கேட்க என்னை ஏசுங்கள் என்றேன். அவர் என் கையை விட்டார். பிறகு ஒன்று கேட்டார். டாக்டர் பார்க்கும்வரை நான் என் வீட்டில் யாருக்கும் சொல்லக் கூடாது. ஒத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் வயதானவர், தமிழைக் கொஞ்சம் சிதைத்துப் பேசுவார். அறை யன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு, கண்ணுக்குள் பார்க்கிற சின்ன விளக்கை எடுத்து, மாப்பிள்ளையின் மூக்கோடு மூக்கு முட்டும்படி குனிந்து பார்த்தார். ஒரு கண்ணை முடித்துவிட்டு மற்றதைப் பார்த்தார். திரும்பவும் முதல் கண்ணுக்கு வந்தார். அந்தத் திரும்பி வருதலில் எனக்கு விளங்கிவிட்டது. கண்ணுக்குப் பின்னால் நரம்பு வீங்கியிருக்கிறது, உடனே கொழும்புக்குக் கொண்டு போ என்று என்னிடம் மட்டும் இங்கிலீஷில் சொன்னார். எந்த வருடம் படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார். பாராட்டா பரிதாபமா தெரியவில்லை. சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் ஒரு துளிகூட எனக்கு வரவில்லை. பிழையாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் துஆக் கேட்டுக்கொண்டு போனவன் நான்.

இனி வாப்பாவிடம் சொல்ல வேண்டும். அவர் வயல் வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். சேற்றில் இறங்கி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முன்பு ஏச்சு வாங்கியவன், எங்கே தொடங்குவது? காலடியில் ஓடிய வாய்க்கால்தான் கைகொடுத்தது. மூளைக்குள்ளும் இப்படி ஒரு வாய்க்கால் இருக்கிறது, அதன் ஒடுக்கமான இடத்தில் கட்டி வந்து மடையை அடைத்திருக்கிறது, மேலே பார்க்கிற நரம்பு வழியும் அந்த மடைக்குப் பக்கத்தில்தான் போகிறது, அதனால் முதலில் அதுதான் நசிந்தது என்று சொன்னேன். டாக்டர் பார்த்ததையும் சொன்னேன். வாப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"மட அடச்சா மேல் வயல் தண்ணியில தாழும். எத்தின நாளைக்குத் தாங்கும் மனே?"

எனக்குத் தெரியா என்றேன். வாப்பா வாய்க்காலில் கை காலைக் கழுவினார். பாதி கட்டிய வரம்பை அவர் அப்படியே விட்டுவிட்டு வந்ததை அன்றுதான் கண்டேன். வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார், தங்கச்சிக்கு நான்தான் சொல்ல வேண்டும் என்று.

தங்கச்சி அடுப்படியில் கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும்வரை துருவுவதை நிறுத்தவில்லை. சிரட்டை தெரியத் தொடங்கிய பிறகும் துருவினாள்.

"பேசி முடிச்ச பொறகு ஒருநாள் அவர் நம்மட வாசலால போனவர். நான் கதவுச் சீலைக்குப் பின்னால நிண்டன். ஒருக்காவும் நிமிந்து பாக்கல்ல. அதும் இதாலதானா காக்கா?"

எங்கள் வீட்டு வளவு தெருவைவிட உயரம், வாசலைப் பார்க்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். பார்க்க விரும்பாமல் போனாரா, விரும்பியும் கண் வராமல் போனாரா என்று நான் எந்தப் பென்சிலை வைத்துக் கண்டுபிடிப்பேன்? தெரியா என்றேன். அந்த நாட்களில் நான் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

"அப்ப சுகமாகி வந்து பாக்கட்டும்" என்றாள் தங்கச்சி. சிரட்டையை வைத்துவிட்டுத் தேங்காய்ப்பூவைப் பிழியத் தொடங்கினாள். கல்யாணம் தள்ளிப்போகும், முறியாது என்று எங்கள் வீட்டில் முடிவானது அந்த ஒரு பேச்சில்தான். உம்மா மட்டும், பெண்கள் எல்லோருமாகப் புகழ்ந்து புகழ்ந்து கண்ணூறு போட்டுவிட்டோம் என்று அழுதார். குறிச்சியிலும் கடைசியில் அந்தக் கதைதான் நின்றது. நான் அதை மறுக்கவில்லை. கட்டியைவிடக் கண்ணூறு அவருடைய பேருக்குப் பாதுகாப்பு.

பெருநாளுக்குக்கூட நிற்காமல், அவரையும் அவருடைய வாப்பாவையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பில் ரயில் ஏறினேன். ரயில் குலுங்கும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பெட்டியில் எதிரே இருந்த அம்மா, பொடியன் என்ன அடக்கம் பாருங்கள், நிலத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை என்று என்னிடம் சொன்னார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

கொழும்பில் அவரை வார்டில் சேர்த்தார்கள். பெரிய டாக்டர் மாணவர்களோடு வந்த காலையில் நானும் பின்வரிசையில் நின்றேன். டாக்டர் விரலை உயர்த்தினார், மாப்பிள்ளையின் கண் வரவில்லை. பிறகு கையால் தலையைக் குனிய வைத்தார், கண் மேலே ஏறியது. மாணவர்கள் ஆவென்று எட்டிப் பார்த்தார்கள். அப்படி ஏறும் ஒவ்வொரு முறையும் அந்தக் கண்கள் பின்வரிசையில் என்னைத்தான் தேடி நின்றன, ஒஸ்தா கடையில் மாதிரி. பரீட்சைக்கு வராத அந்த ஒரு வரிக்கு அன்று எல்லோரும் கொப்பியில் அடிக்கோடு போட்டார்கள். என்னிடம் கொப்பி இருந்தது, திறக்கவில்லை.

சத்திரசிகிச்சை நாளில் அவருடைய வாப்பா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அதுவும் முடியவில்லை. நடுமூளையைத் துண்டு துண்டாக வெட்டிக் கண்ணாடித் தகட்டில் படித்திருக்கிறேன். எந்த இடத்தில் மயிரிழை தவறினால் எது போகும் என்று ஒவ்வொன்றாகத் தெரியும். பக்கத்தில் இருந்த அந்த மனிதருக்கு அது தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாங்கில்தான் இருந்தோம். ஆனால் அவருக்கு ஒரு பயம், எனக்கு எத்தனையோ பயம்.

கட்டியை எடுக்கவில்லை, அந்த இடத்தில் கைவைப்பது ஆபத்து என்றார்கள். தேங்கிய நீருக்கு வேறு வழி வெட்டிவிட்டார்கள். ஊரில் எங்கள் வாப்பாவிடம் சொன்னபோது அவருக்கு உடனே விளங்கியது. பிறகு பல கிழமைகள் தலைக்குக் கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். முடி எல்லாம் கொட்டியது. வாந்தி நின்றது, தலையிடி நின்றது. கண் மட்டும் மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. ஒருநாள் நான் வார்டுக்குள் நுழைந்தபோது அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். படுத்திருப்பவர் மேலே பார்ப்பது ஒன்றுமில்லை, முகமே மேலேதானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். தலையணையில் தலை அசையவில்லை. அவருடைய கண்கள் மெதுவாக, இழுத்து இழுத்து, நெற்றிப் பக்கமாக ஏறி என்னிடம் வந்தன. முழுதாக வரவில்லை. வந்தன.

அடுத்த வருடம் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்க வழக்கப்படி அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தலையில் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை என்பதால் தொப்பியைக் கழற்றவே மாட்டார். கட்டி சுருங்கிவிட்டது என்றார்கள். போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. திரும்பவும் வளருமா என்று கேட்டேன். வளர்ந்தால் கண்தான் முதலில் சொல்லும் என்றார் பெரிய டாக்டர். அதைத் தங்கச்சிக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

போன விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது, முகம் பார்க்கிற கண்ணாடி வழக்கமான ஆணியில் இல்லை. தங்கச்சி அதைச் சுவரில் இரண்டு சாண் உயர்த்தி மாட்டியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டு, காலையில் அவர் அதில் பார்த்துத்தான் தாடி சீவுகிறார் என்று மட்டும் சொன்னாள். எனக்கு விளங்கியது. கண் போதாமல் போகிற அன்றைக்குக் கழுத்துச் சாயும். அவள் தினமும் காலையில் தேநீர் ஊற்றுகிற சாட்டில் வாசற்படியில் நின்று அதைப் பார்க்கிறாள்.

மறுநாள் காலை நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன். மச்சான் கண்ணாடிக்கு முன்னால் சீப்போடு நின்றார். கண்கள் மேலே போயின. கொஞ்சம் நேரம் எடுத்தது, ஆனால் போயின.

"காக்காவும் தங்கச்சியுமா அதில நிண்டு என்னத்தப் பாக்கிறீங்க?" என்றார் திரும்பாமல். "மேலதான் பாக்கிறன். தேத்தண்ணியக் கொண்டாங்க."

தங்கச்சி சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் சிரித்தேன். ஆனாலும், அவர் சீப்பை யன்னலில் வைத்துவிட்டுத் திரும்பும்வரை, நான் அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.